மருந்துக் கடையில் அம்மா

ஆன்குத்,
9 ஏப்ரல் 2012

அன்புள்ள தம்பி ரோசமெலுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். கலங்கரை விளக்கத்தில் குளிர் எப்படி இருக்கிறது? காதை மூடிக்கொள்கிறாயா? உனக்கு எந்த வியாதியும் காதில்தான் ஆரம்பிக்கும்.

இங்கே குளிர்கால மழை பிடித்துவிட்டது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் நாள் முழுக்க ஈரக் கோட்டு நாற்றம்தான். வேலையில் புதிதாக ஒன்றுமில்லை. வேறு ஒரு செய்தி உண்டு, சிரிக்காதே. நான் வரைவதை இணையத்தில் போட ஆரம்பித்திருக்கிறேன். ஓவியம் வரைகிறவர்களுக்கென்றே ஒரு தளம் இருக்கிறது, எல்லா நாட்டு ஆட்களும் இருக்கிறார்கள். போட்டோக் கடை ஓஸ்வால்தோதான் வழி காட்டினான், படங்களை ஸ்கேன் செய்தும் கொடுத்தான். "டிராயர்ல பூட்டி வெச்சு யாருக்குக் காட்டப்போற நெல்டா, பூஞ்சைக்கா?" என்றான்.

முதலில் ஒரு கையைப் போட்டேன், பின்னல் ஊசி பிடித்த கை. ரொசாரியோ ஊர்க்காரர் ஒருவர், முகம் தெரியாதவர், கட்டை விரல் தப்பு, எலும்பு திரும்புகிற இடத்தை உங்கள் கையிலேயே பாருங்கள் என்று எழுதினார். கோபமாக வந்தது. பிறகு என் கையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இத்தனை வருஷத்தில் என் படத்தை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, தம்பி. நீயும் அம்மாவும் "நல்லாருக்கு" என்பீர்கள், அதோடு சரி.

அம்மா நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் அதிகம் தூங்குகிறாள். மழைக்காலம்தானே.

உன் நலம் விரும்பும்,
நெல்டா


தெற்குத் தீவுக் கலங்கரை விளக்கம்,
20 மே 2012

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் சாமான் கப்பலில் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, காதும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பதாக எழுதியிருந்தது நிம்மதி.

கட்டை விரல் சமாச்சாரத்தைக் கார்தெனாஸிடம் படித்துக் காட்டினேன். இங்கே என்னோடு விளக்கைக் கவனிக்கிற ஒரே மனுஷன் அவர்தான். "பழக்கமில்லாத ஆளு வந்து என் பொண்டாட்டி சமையல்ல உப்பு கம்மின்னு சொன்னா நான் கதவைச் சாத்திருவேன்பா" என்றார். எனக்கும் அது விளங்கவில்லை. யார் அவர்கள் எல்லாம்? படத்தைப் பார்த்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் உன் கடிதத்தில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது, அது போதும். அடுத்த முறை என்ன வரைகிறாய் என்றும் எழுது.

அம்மாவை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல். போன கடிதத்திலும் அவள் கையெழுத்து இல்லை, அதற்கு முந்தியதிலும் இல்லை.

தம்பி,
ரோசமெல்


ஆன்குத்,
17 ஜூன் 2012

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். குளிரில் அம்மாவுக்கு விரல் மடங்கவில்லை, அதனால் எழுதவில்லை. உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள்.

தளத்தில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். குவாயாகில்காரி, பெயர் பாபியோலா. அவள் பூக்கள் மட்டும்தான் வரைவாள், அதுவும் சுமாராக. ஆனால் என் படங்களைப் பார்த்துவிட்டு அவள் எழுதுவதைப் படித்தால், பக்கத்தில் உட்கார்ந்து மாத்தே தேநீர் குடித்துக்கொண்டே பேசுகிற மாதிரி இருக்கும். ரொசாரியோக்காரரும் விடாமல் திருத்துகிறார். நிழலை நான் கறுப்பால் போடுவது சோம்பேறித்தனமாம்.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் எத்தனை லைக் என்று பார்க்கிறேன். படகுத் துறையில் தூங்குகிற நாயை விளையாட்டாகப் போட்டேன், ஊரே திரண்டு வந்து பாராட்டியது. ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த படத்தை நாலு பேர் பார்த்தார்கள். மறுநாள் பென்சிலை எடுத்தால் கை தானாக நாயை வரையப் போகிறது. டிக்கெட் கவுன்ட்டரில் வரிசை இல்லாதபோது எனக்குப் பரபரப்பாக இருக்குமே, அதே மாதிரி.

என்ன வரைகிறேன் என்று கேட்டாய். வீட்டில் இருப்பதை வரைகிறேன்.

அன்புடன் அக்கா,
நெல்டா


தெற்குத் தீவுக் கலங்கரை விளக்கம்,
22 ஜூலை 2012

அன்புள்ள அக்கா,

சுகம். உங்கள் சுகமே வேண்டுவது. அம்மாவுக்கு இந்தக் கப்பலில் கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன், கார்தெனாஸின் மனைவி பின்னியது. விரல் மடங்க ஆரம்பித்ததும் எழுதச் சொல்.

இங்கே காற்று நிற்கவில்லை. விளக்கு மாடத்தின் கண்ணாடியில் உப்பு படிந்து, துடைக்கத் துடைக்கப் படிகிறது. ஊருக்கு எப்போது வருகிறேன் என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பாய். கப்பல் வருகிற ஒழுங்கைப் பொறுத்தது, மேலதிகாரிகளைப் பொறுத்தது. பார்க்கலாம்.

உன் கடிதம் சிறுத்துக்கொண்டே வருகிறது. அந்தத் தளத்துக்கு நீளமாக எழுதுகிறாயோ என்னவோ.

அம்மாவைப் பார்த்துக்கொள். உன்னையும்.

ரோசமெல்


ஆன்குத்,
26 ஆகஸ்ட் 2012

அன்புள்ள ரோசமெலுக்கு,

கையுறை வந்தது, அளவு சரியாக இருக்கிறது. சுகமாக இருக்கிறோம்.

என் படம் ஒன்று தளத்தின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. மொழி தெரியாதவர்களெல்லாம் எழுதுகிறார்கள். சிலர் அழுததாக எழுதுகிறார்கள். சிலர் அதே மாதிரி இன்னொன்று போடச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது. இவ்வளவு பேருக்குப் பிடிக்க வேண்டாம் என்று இருக்கிறது. ஏனென்று கேட்காதே, சொல்லத் தெரியவில்லை.

அசதியாக இருக்கிறது. அடுத்த கப்பலுக்கு நீளமாக எழுதுகிறேன்.

நெல்டா


புன்தா அரேனாஸ்,
25 செப்டம்பர் 2012

அக்கா,

சுகமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அம்மா எப்படி இருக்கிறாள்? இந்த முறை உண்மையை எழுது.

கடைவாய்ப் பல் வீங்கி, கப்பலில் இங்கே அனுப்பினார்கள். பல்லைப் பிடுங்கினார்கள். மாத்திரை வாங்க ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பெரிய விளம்பரம். பெரியவர்களுக்கான டயப்பர். அதில் ஒரு கிழவி நாற்காலியில் சாய்ந்து, வாய் திறந்து தூங்குகிறாள், மடியில் ஒற்றைச் செருப்பு. கையால் வரைந்த படம். அந்த நாற்காலியின் உடைந்த கைப்பிடியில் கம்பி சுற்றியவன் நான். அம்மாவின் புருவத்துத் தழும்பு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

"இந்தப் படத்துல இருக்கிறது யாரும்மா?" என்று கல்லாவிலிருந்த பெண்ணைக் கேட்டேன்.

"தெரியலைங்க. கம்பெனிக்காரங்க ஒட்டிட்டுப் போனாங்க. பாக்கவே பாவமா இருக்குல்ல? வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க."

வாயில் பஞ்சு அடைத்திருந்தது. அது என் அம்மா என்று சொல்ல வரவில்லை. மாத்திரையைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இணையக் கடையில் உட்கார்ந்து உன் பெயரைத் தேடினேன். எல்லாவற்றையும் பார்த்தேன். விறகுப் பெட்டிக்குள் கெட்டிலை வைக்கிற அம்மா. சட்டையைக் காலில் மாட்டுகிற அம்மா. ராத்திரி உடையோடு படகுத் துறையில் நிற்கிற அம்மா. கீழே தேதி போட்டிருக்கிறாய். எனக்கு "அம்மா நன்றாக இருக்கிறாள்" என்று எழுதிய அதே வாரம்.

உலகத்துக்கே தெரிந்திருக்கிறது. ஜப்பான்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அவள் சுயநினைவோடு இருந்தால் இப்படித் தன்னைக் காட்டச் சம்மதித்திருப்பாளா? வாசலுக்குப் போனாலும் தலை வாராமல் போகாதவள் அவள்.

எல்லாவற்றையும் எடுத்துவிடு.

ரோசமெல்


தெற்குத் தீவுக் கலங்கரை விளக்கம்,
28 அக்டோபர் 2012

அன்புள்ள அக்கா,

கப்பல் வந்து போய்விட்டது. உன் கடிதம் இல்லை. மூட்டையை இரண்டாம் முறையும் அவிழ்த்துத் தேடினேன். கார்தெனாஸ் தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கோபத்தில் எழுதிவிட்டேன். திட்டியாவது எழுது. அம்மா இருக்கிறாளா என்பதையாவது எழுது.

தம்பி,
ரோசமெல்


ஆன்குத்,
14 நவம்பர் 2012

அன்புள்ள தம்பி ரோசமெலுக்கு,

அம்மா இருக்கிறாள். பயப்படாதே. செப்டம்பர் கடைசியில் குளியலறையில் விழுந்து இடுப்பில் அடி, எலும்பு முறியவில்லை. அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. படித்தேன், மடித்து வைத்தேன், பதில் எழுதத் தெம்பு வரவில்லை.

நோய் ஆரம்பித்தது போன கோடையில். என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நீ அப்போதுதான் தீவுக்குப் போயிருந்தாய். உனக்கு எழுத உட்கார்வேன். டாக்டர் என்ன சொன்னார் என்று நீ கேட்பாய், மருந்தை ஒழுங்காகக் கொடுக்கிறாயா என்பாய், புவெர்த்தோ மோன்த்தில் நல்ல முதியோர் விடுதி இருக்கிறதாமே என்பாய். உன் குரலிலேயே கேட்கும். பேனாவை வைத்துவிடுவேன், பிறகு எடுத்து "அம்மா நன்றாக இருக்கிறாள்" என்று எழுதி ஒட்டிவிடுவேன்.

பாபியோலாவின் கணவருக்கும் இதே நோய். முதல் படத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நம் அம்மாவைப் பற்றி அவள் கேட்கவில்லை. "இன்னிக்கு நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். நான் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அடுத்த படத்தையும் போட்டேன், அதற்கடுத்ததையும்.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். துணி மாற்றுகிறேன், ஊட்டுகிறேன், கதவைப் பூட்டுகிறேன். இதில் அவள் முகத்தைப் பார்க்கவே நேரம் வருவதில்லை. பென்சிலை எடுத்தால்தான் பார்க்கிறேன். புருவத்துத் தழும்பை நீ சொன்னாய். அது எப்படி வளைந்து முடிகிறது என்று வரைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

விளம்பரத்தைப் பற்றி உன் கடிதம் வந்த பிறகே அறிந்தேன். தளத்தில் இருந்த ஒருவன், என் படங்கள் ஒவ்வொன்றுக்கும் தவறாமல் லைக் போட்டவன், அதை எடுத்துப் படம் விற்கிற இடத்தில் தன் படமென்று விற்றிருக்கிறான். ரொசாரியோக்காரர்தான் கண்டுபிடித்தார். அவரும் பாபியோலாவும் இன்னும் முகம் தெரியாத எத்தனையோ பேரும் அந்த டயப்பர் கம்பெனிக்கு விடாமல் எழுதி, விளம்பரத்தை எடுக்க வைத்தார்கள். திருடியவனும் அந்தக் கூட்டம்தான், எனக்காகச் சண்டை போட்டவர்களும் அந்தக் கூட்டம்தான். யாரிடம் கோபப்படுவதென்று தெரியவில்லை. சின்ன ஊர்களில் சில கடைகளில் இன்னும் ஒட்டியிருக்குமாம். வெயிலில் வெளுத்துப் போகும்.

நீ சொன்னபடி எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாக அழிக்கும்போது கீழே இருந்த வார்த்தைகளும் சேர்ந்தே அழிந்தன. அது எனக்கு முன்னால் தெரியாது.

அம்மா விழுந்த அன்று உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உன் தவணை ஆகஸ்டோடு முடிய இருந்ததாகவும், நீயே கேட்டு இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டதாகவும் அங்கிருந்தவர் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா,
நெல்டா


தெற்குத் தீவுக் கலங்கரை விளக்கம்,
2 டிசம்பர் 2012

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. அம்மா நலமென்று இனி எழுதாதே. எப்படி இருக்கிறாளோ அப்படியே எழுது.

கையெழுத்துப் போட்டது உண்மைதான். உன் கடிதங்களில் அம்மாவின் கையெழுத்து நின்றபோதே எனக்குச் சந்தேகம். தெரிந்துகொள்ளாமல் இருக்க இந்தத் தீவு வசதியாக இருந்தது. மருந்துக் கடையில் எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தச் சுவர்மேல் வந்தது, அது இனிமேல் என்னை ஒளிய விடாது என்பதால்.

அலுவலகத்தை ரேடியோவில் கேட்டுவிட்டேன், விடுப்புத் தந்திருக்கிறார்கள். ஜனவரி முதல் வாரக் கப்பலில் வருகிறேன். வந்ததும் நீ ஓசோர்னோவில் அத்தை மகள் வீட்டுக்குக் கிளம்பு. வேண்டாமென்று சொல்லாதே. உன் கடைசிக் கடிதத்தில் எழுத்து வரியை விட்டு இறங்கி இறங்கிப் போயிருக்கிறது. கார்தெனாஸ் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு தூங்கி எத்தனை நாளாச்சோ" என்றார்.

உன் தம்பி,
ரோசமெல்


ஓசோர்னோ,
23 ஜனவரி 2013

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசலாம். ஆனால் பின்னணியில் அம்மாவின் குரல் கேட்டால் உடனே பஸ் ஏறிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வந்ததிலிருந்து தூங்குகிறேன். எழுந்தால் சூப் தருகிறார்கள், குடித்துவிட்டு மறுபடி தூங்குகிறேன். வெட்கமாக இருக்கிறது. பென்சிலைத் தொடவில்லை.

அம்மா கோழியைச் சின்னத் துண்டாக நறுக்கினால்தான் சாப்பிடுவாள். குளிக்க மறுத்தால் வற்புறுத்தாதே, பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்று. உனக்குப் பாட வராது என்பது அவளுக்கு இப்போது தெரியாது.

நேற்று இங்கே கணினியில் மின்னஞ்சல் பார்த்தேன். பாபியோலாவின் கடிதம் வந்திருந்தது. அவள் கணவர் தினமும் காலையில் திரையில் அம்மாவின் படத்தைப் பார்த்து வணக்கம் சொல்வாராம். மனைவியின் பெயர் மறந்துவிட்டது, இது மட்டும் மறக்கவில்லை. படங்களை நான் எடுத்த நாளிலிருந்து "அந்தம்மா எங்க போயிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். போடு என்று அவள் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறாள்.

மற்றவர்களும் கேட்கிறார்கள். திரும்பப் போட்டால் நாளைக்கே இன்னொருவன் எடுத்து வேறு எதையாவது விற்பான். போடாவிட்டால் நான் மறுபடி அந்தச் சமையலறையில் தனியாள். அவள் உனக்கும் அம்மாதான், அதனால் உன்னைக் கேட்கிறேன். போடலாமா? நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். யோசிக்க எனக்குச் சக்தி இல்லை.

நெல்டா


ஆன்குத்,
30 ஜனவரி 2013

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. சாப்பாடு சுமார். நான் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து முதுகு பிடித்துக் கிடக்கிறேன். தீவில் ஒரு மாதம் வெட்டுகிற விறகை இங்கே ஒரு வாரத்தில் எரித்துவிடுகிறேன், அவளுக்கு எப்போதும் குளிர்கிறது. என்னை அவளுக்குத் தெரியவில்லை. அடுப்பைப் பார்க்க வந்த ஆள் என்று நினைக்கிறாள். ரொம்ப மரியாதையாக நடத்துகிறாள்.

நீ கேட்டதை யோசித்தபடி கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நீ என்னைக் கேட்பதென்றால், அதற்கு முன்னால் நாம் இருவரும் அவளைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. இன்று மத்தியானம் அவள் முகம் தெளிவாக இருந்தது. டிராயரைத் திறந்து படங்களை எடுத்தேன். மருந்துக் கடைச் சுவரில் நான் பார்த்த படத்தின் அசலை அவள் கையில் கொடுத்தேன்.

அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து நெடுநேரம் பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன். தாளைத் தட்டிக் கீழே போடுவாளோ என்றும் பயந்தேன்.

"யார் பெத்த பொண்ணோ," என்றாள். "எவ்வளவு வேலையோ பாவம், அசந்து தூங்குறா."

"இவங்களை நாலு பேர் பாக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"பாக்கட்டுமே. எழுப்பிடாதீங்க, ஐயா."

பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பேசியதெல்லாம் மெதுவான குரலில்தான். அடுப்பில் விறகு போட்டபோது சத்தம் வந்ததற்கு என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். சாயங்காலம் வரை நானும் கிசுகிசுத்துக்கொண்டுதான் நடமாடினேன்.

தளத்தில் போடுவதும் போடாததும் நீ வந்து முடிவு செய். எதுவானாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அவசரப்பட்டு வராதே, இன்னும் ஒரு வாரம் தூங்கு. பாபியோலா அம்மாளின் விலாசத்தை மட்டும் சீக்கிரம் எழுது. இந்தப் படத்தை அட்டை வைத்துக் கட்டி நானே தபாலில் சேர்க்கிறேன். அந்த வீட்டில் சத்தம் போடமாட்டார்கள்.

தம்பி,
ரோசமெல்